பழைய தொட்டியில் எதை வாங்குகிறோம்?

திருவனந்தபுரத்திலிருந்து வேலை மாற்றலாகிப் போகிறவர் தன் கடல்நீர்த் தொட்டியை அப்படியே விற்கிறார் என்றால், இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவருக்கு அது நல்ல வாய்ப்புதான். ஆனால் பேரம் பேசும்போது எல்லோரும் மீனைத்தான் எண்ணுகிறார்கள். காசு கொடுக்க வேண்டியது கல்லுக்கும் மணலுக்கும்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன. அது கொஞ்சம் கூடினாலே மீனின் செவுள் புண்ணாகிவிடும். ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகின்றன. இன்னொரு கூட்டம் அதை, அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாக்குகிறது. புதுத் தொட்டியில் இவை பெருகப் பெரும்பாலும் நான்கைந்து வாரமாவது ஆகும். பழைய தொட்டியில் தயாராக இருக்கின்றன. ஆனால் இருப்பிடம் தண்ணீர் அல்ல. கல்லின் துளைகளிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே இடம் மாற்றும் நாளில் கற்களைத் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்து வாளியில் கொண்டுவர வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பட்டு எல்லாம் போய்விடும். மணல் விஷயத்தில் எதிர்ப்பக்கத்து ஆபத்து. ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் எட்டாத கருத்த படிவு இருக்கும்; கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனைக் கொல்லும். மேல்மணலை மட்டும் எடுத்துக்கொண்டு அடிமணலைக் கைவிடுவதே மேல்.

கோவளம் பக்கம்தானே, கடல்நீரைக் கேனில் மொண்டு வந்துவிடலாம் என்று தோன்றும். திறந்த கடலில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. ஆனால் மழைக்காலத்தில் கரமனை ஆறும் நெய்யாறும் பெருகி வந்து கலக்கும்போது கரையோரத் தண்ணீரில் உப்பு இறங்கிவிடும். அளந்து பார்க்காமல் ஊற்றக் கூடாது. தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும். குறைந்த அளவுக்குக் கடல்நீர் அல்ல, ஆர்.ஓ. நன்னீர்தான் ஊற்ற வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அடுத்தது சூடு. பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வசதி. சூடு நீடித்தால் தனக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசிகளை அது வெளியேற்றி வெளுத்துவிடும். லட்சத்தீவில் 2024-ல் கடலிலேயே பெருமளவில் இது நடந்தது. நீர்ப்பரப்பில் மின்விசிறியை வீசவிட்டால் ஆவியாகிக் குளிரும் என்பார்கள். புழுக்கமான இந்த ஊர்க் காற்றில் அது அரைகுறையாகத்தான் பலிக்கும். ஏப்ரலைத் தாண்ட சில்லர் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தொட்டியிலுள்ள பவளம் எங்கிருந்து வந்தது? கல்பவளங்கள், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலி இருக்கும் அதே அட்டவணையில். கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளத்தைத் தொட்டியோடு வாங்கினால் வழக்கும் சேர்ந்தே வரலாம். நான் அந்தத் தொட்டியைத் தொடமாட்டேன்.

மீனுக்கு அந்தத் தொல்லை வேண்டியதில்லை. விழிஞத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறது. அப்படிப் பிறந்த குஞ்சுக்கு, கடலில் அது அடைந்து வாழும் கடல்சாமந்தி இல்லாவிட்டாலும் குறையில்லை. இரண்டு சின்னக் குஞ்சுகளை வாங்கினால் போதும், ஆண், பெண் பார்க்க வேண்டாம். வளர்ந்து ஆதிக்கம் பிடிப்பது பெண்ணாக மாறிவிடும்.