விரலுக்குத் தெரியாத தூசி

வைகாசி பிறந்துவிட்டால் கயத்தாறு காற்றாலைகளுக்கு ஓய்வில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று ஆவணி தாண்டியும் விடாது. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையத்தை இங்கே கொண்டுவந்து வைத்ததற்கும் அந்தக் காற்றுதான் காரணம். அதே மாதங்களில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசல் காடுகள் கோடை உழவு முடிந்து, புரட்டாசி விதைப்பை எதிர்பார்த்து வெறுமனே கிடக்கும். எந்திரத்துக்குப் பாரம் கூடும் காலமும் மண் பறக்கும் காலமும் இங்கே ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாடுபடுவது ஆயில்.

கியர் வைத்த காற்றாலையில் இறக்கை நிமிடத்துக்கு இருபது, முப்பது சுற்று சுற்றும். ஜெனரேட்டருக்கு வேண்டியதோ 1,000 அல்லது 1,500 சுற்று. அந்த வேகத்தைக் கூட்டித் தருவது கியர்பெட்டி. (கியரே இல்லாத காற்றாலைகளும் இந்தப் பக்கம் உண்டு. அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.) பெரிய கியர்பெட்டி என்றால் சில நூறு லிட்டர் ஆயில் பிடிக்கும். அந்தப் பீப்பாய்களில் பெரும்பாலும் 'விஜி 320' என்று எழுதியிருக்கும்.

320 என்பது 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுநிலை. அளவு, சென்டிஸ்டோக். 20 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை சுமார் 1 என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு கெட்டி என்பது புரியும். ஆனால் அதே மினரல் ஆயில் 100 டிகிரிக்குச் சூடானால் 24-க்கு இளகிவிடும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாத பாகுநிலை எண்ணை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

டிராக்டர் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு: தொண்ணூறு ஆயில் கெட்டி, நாற்பது ஆயில் தண்ணி. உண்மையில் 90 என்பது கியர் ஆயிலுக்கான அளவுகோல், 40 என்பது என்ஜின் ஆயிலுக்கான அளவுகோல். 100 டிகிரியில் அளந்தால் 90-க்கு உரிய பாகுநிலை 13.5-லிருந்து 18.5 வரை, 40-க்கு 12.5-லிருந்து 16.3 வரை. கிட்டத்தட்ட ஒன்றுதான்! காற்றாலையின் 320-ஐ இதே கியர் அளவுகோலில் நிறுத்தினால் 140-க்குப் பக்கத்தில் வரும். எண்கள் நெருங்கி வருகின்றன என்பதற்காக என்ஜின் ஆயிலுக்குப் பதில் கியர் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. பல்லோடு பல் அழுந்தும் இடத்துக்கென்று கியர் ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கும். என்ஜினுக்கு அது ஆகாது.

பாகுநிலையோடு ஒட்டிய இன்னொரு சங்கதி, மெழுகு. கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் மசகு எண்ணெயில் மெழுகு இருந்தால் குளிரில் உறைந்து நின்றுவிடும். அதனால் கரைப்பான் சேர்த்து, நன்றாகக் குளிரவைத்து, படிகமாகும் மெழுகை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான நிறுவனத்தின் மணலி ஆலை அடிப்படை மசகு எண்ணெயும் எடுக்கிறது, பாரஃபின் மெழுகும் எடுக்கிறது. தீக்குச்சியின் நுனியை மருந்தில் முக்குவதற்கு முன் உருகிய பாரஃபினில் முக்குவது கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்தில் பற்றிய தீயை மரத்துக்குக் கடத்துவது அந்த மெழுகுதான். ஆயிலுக்கு வேண்டாதது குச்சிக்கு வேண்டியதாகிறது.

இனி தூசி. கரிசலின் பெரும்பங்கு களி. மண்ணியல் கணக்கில் களித்துகள் என்றால் 2 மைக்ரானுக்கும் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு எட்டுவதோ 40 மைக்ரான் வரைதான். ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து 'சுத்தமா இருக்கு' என்று சொல்லும் மெக்கானிக்கின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கியர் பற்களுக்கு இடையே நிற்கும் ஆயில் படலம் பல இடங்களில் ஒரு மைக்ரான்கூட இருக்காது. விரலுக்கு அங்கே வேலையில்லை.

கரிசல் களியின் முக்கியக் கனிமமான மான்ட்மோரில்லோனைட் மிக மென்மையானது. கடினத்தன்மை அளவில் 1 அல்லது 2. அதே இனத்துக் களியான பென்டோனைட்டைப் பதப்படுத்தி, உயர்வெப்ப கிரீஸுக்குக் கெட்டித்தன்மை தரக்கூடச் சேர்க்கிறார்கள். எனவே அது பல்லைப் பெரிதாக அறுக்காது. ஈரத்தோடு சேர்ந்து சகதியாகி ஃபில்டரை அடைக்கும், அவ்வளவுதான். உண்மையான எதிரி அதனுடன் கலந்து பறக்கும் குவார்ட்ஸ் பொடிமணல். கடினத்தன்மை 7. கடினமாக்கிய கியர் எஃகையும் கீறிவிடும்.

ஃபில்டர்தான் இருக்கிறதே என்பீர்கள். '10 மைக்ரான் ஃபில்டர்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. கேட்க வேண்டியது பீட்டா எண். ஃபில்டருக்கு முன்னால் உள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பின்னால் உள்ளதால் வகுத்தால் வருவது அது. பீட்டா 2 என்றால் பாதித் துகள் தப்பிவிடுகிறது. 200 என்றால் நூற்றுக்கு 99.5 பிடிபடுகிறது. இரண்டையுமே 10 மைக்ரான் என்று விற்கலாம். இந்தச் சோதனைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் தரத்தூசியின் மூலம் அமெரிக்காவின் அரிசோனா மணல். குவார்ட்ஸ் மிகுந்த பாலைத்தூசி அது. கரிசலின் களி அதில் கிடையாது. அங்கே தேறிய ஃபில்டர் இங்கே சீக்கிரம் அடைத்துக்கொண்டால் வியப்பில்லை என்பது என் கணிப்பு.

ஆயிலின் தூய்மைக்கும் ஒரு குறியீடு உண்டு: 18/16/13 என்பதுபோல் மூன்று எண்கள். ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானைத் தாண்டிய துகள்கள் எத்தனை என்பதை அவை வரிசையாகச் சொல்கின்றன. 18 என்றால் 1,300-க்கு மேல் 2,500 வரை. எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பு. 18 என்பது 21 ஆனால் எட்டு மடங்கு. பீப்பாயை இப்போதுதான் திறந்தோம் என்பதால் ஆயில் சுத்தம் என்று எண்ணவும் முடியாது. புது ஆயிலையே வடிகட்டி ஊற்றச் சொல்வது அதனால்தான்.

தூசி எப்படி உள்ளே போகிறது? கியர்பெட்டி மூச்சு விடுகிறது. பகலில் சூடேறினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும்; காற்று தணிந்து எந்திரம் ஆறினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தத் துவாரத்தில் இருப்பதுதான் பிரீதர். சிலிக்கா ஜெல் வைத்த பிரீதர் என்றால் ஈரத்தையும் பிடிக்கும், நிறம் மாறி அறிவிக்கவும் செய்யும். ஆடிக் காற்றுக்கு முன்னால் அதை மாற்றிவிடும் செலவு, ஒரு பேரிங்கை மாற்ற கிரேன் வரவழைக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

காற்றாலையில் ஆயில் பார்வைக்குச் சுத்தமாக இருப்பதை நம்ப முடியாது; டிராக்டரில் கதை தலைகீழ். டீசல் என்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். 'ஆயில் செத்துப்போச்சு' என்று உடனே வடித்துவிடுகிறவர்கள் உண்டு. எரிபொருளின் கரியைத் திரளவிடாமல் ஏந்தி வைத்திருப்பதற்கென்றே அதில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். கறுத்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். காற்றாலையின் ஆயில் பொன்னிறமாகவே இருந்தும் கெட்டுப்போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நூறு மில்லி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையில் இரும்பும் சிலிக்கானும் சேர்ந்து ஏறியிருந்தால், ஆயிலை மாற்றுவதற்கு முன் தூசி புகுந்த வழியைத் தேட வேண்டும். சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால் புதிதாகப் பூசிய சிலிக்கோன் கேஸ்கெட் பசையாகவும் இருக்கலாம். அலுமினியமும் கூடவே ஏறியிருந்தால் சந்தேகம் மண் பக்கம்தான் சாயும்.