நீலக்கோட்டில் பின்கள வீரரின் தாக்குதல் ஆட்டம் (பனி ஹாக்கி)

பனி ஹாக்கியில் நீலக்கோட்டுத் தாக்குதல் என்பது, எதிரணிப் பகுதிக்குள் வட்டு இருக்கும்பொழுது தாக்கும் அணியின் இரு பின்கள வீரர்களும் நீலக்கோட்டை ஒட்டி நின்று கோல் வாய்ப்புகளை உருவாக்கும் ஆட்டமுறை ஆகும். இவர்கள் நிற்கும் இடம் 'பாயிண்ட்' என வழங்கப்படுகிறது. இவர்களுக்குப் பின்னால் கோல்காப்பாளர் மட்டுமே உள்ளார். எனவே, இங்கு எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவிலும் ஆதாயமும் ஆபத்தும் ஒருங்கே உள்ளன. அவ்விரண்டையும் எடைபோடக் கற்பிப்பதே பயிற்றுநரின் முதன்மைப் பணியாகும்.

களமும் விதியும்

ஓர் அணியில் 3 முன்கள வீரர்கள், 2 பின்கள வீரர்கள், 1 கோல்காப்பாளர் என 6 பேர் ஒரே நேரத்தில் ஆடுவர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பின் (என்எச்எல்) ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. 1 அடி அகலமுள்ள இரு நீலக்கோடுகள் அதனை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. கோல் கோட்டிற்கும் நீலக்கோட்டிற்கும் இடைப்பட்ட தொலைவு 64 அடி (சுமார் 19.5 மீட்டர்) ஆகும்.

ஆஃப்சைடு விதிப்படி, வட்டு நுழையும் முன்னர் தாக்கும் அணியினர் எதிரணிப் பகுதிக்குள் நுழைதல் கூடாது. உள்ளே சென்ற வட்டு நீலக்கோட்டை முழுமையாகக் கடந்து வெளியேறினால், தாக்கும் வீரர்கள் அனைவரும் வெளியே வந்த பின்னரே மீண்டும் தாக்க இயலும். வட்டின் ஒரு பகுதி கோட்டின் மேல் இருக்கும் வரை அது உள்ளே இருப்பதாகவே கொள்ளப்படும். ஆகவே, வெளியேற முயலும் வட்டைக் கோட்டின் மேலேயே நிறுத்தும் பின்கள வீரர், தம் அணியின் தாக்குதல் முழுவதையும் காப்பாற்றுகிறார்.

வரலாறு

பின்கள வீரர்களுள் டக் ஹார்வி, ரெட் கெல்லி போன்றோர் முன்னரே தாக்குதலில் பங்கெடுத்திருந்தாலும், இவ்வாட்டத்தை மாற்றியமைத்தவர் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் பாபி ஓர் ஆவார். கோல்களையும் கோல் உதவிகளையும் கூட்டிப் பெறப்படும் புள்ளிகளில், 1969-70 பருவத்தில் 120 புள்ளிகளுடன் அவர் கூட்டமைப்பிலேயே முதலிடம் பெற்றார். 1970-71 பருவத்தில் அவர் எடுத்த 139 புள்ளிகள் பின்கள வீரர் ஒருவரின் உச்ச அளவாகும். எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் பால் காஃபி 1985-86 பருவத்தில் 48 கோல்கள் அடித்தார். அண்மைக் காலத்தில் எரிக் கார்ல்சன் 2022-23 பருவத்தில் 101 புள்ளிகள் பெற்றார்.

நகர்வின் வடிவியல்

கோலின் அகலம் 6 அடி. நீலக்கோட்டின் நடுவில் இருந்து பார்க்கும்பொழுது அது ஏறத்தாழ 5.4 பாகைக் கோணத்தில் தெரியும். பக்கப் பலகையில் இருந்து 2 மீட்டர் உள்ளே நிற்பவருக்குத் தொலைவு சுமார் 22.4 மீட்டராகக் கூடி, கோணம் ஏறத்தாழ 4.1 பாகையாகக் குறைகிறது. அதாவது, கோல் கால் பங்கு சுருங்கிவிடுகிறது. பலகையோரத்தில் வட்டைப் பெற்றவர் நடுப்பகுதியை நோக்கிச் சறுக்குவதன் முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் தடுப்பவரைப் பற்றியது. கோட்டின் நடுவில் அடிப்பவருக்கு 3 மீட்டர் முன்னால் ஒருவர் வழியை மறித்து நிற்பதாகக் கொள்வோம். அடிப்பவர் பக்கவாட்டில் 1 மீட்டர் நகர்ந்தால், தடுப்பவரும் சுமார் 85 சென்டிமீட்டர் நகர வேண்டும். தடுப்பதற்காக முன்னரே முழங்காலிட்டவரால் இது எளிதில் இயலாது. அசையாமல் நின்று ஓங்கி அடிப்பவரின் வட்டு தடுப்பவரின் உடலில் படுகிறது. நகர்ந்து அடிப்பவரோ தமக்கு வழியைத் திறந்துகொள்கிறார்.

பயிற்சிப் படிகள்

1. வட்டை நிறுத்துதல்: பலகையோரமாகச் சுழன்று வரும் வட்டைக் காலணியாலும் மட்டையாலும் கோட்டுக்குள் அடக்கிப் பழகுதல்.
2. கோட்டோர நகர்வு: தலையை நிமிர்த்தி, கோலின் முன் நிற்பவர்களைப் பார்த்தபடியே பக்கவாட்டில் சறுக்குதல்.
3. ஏமாற்று அசைவு: அடிப்பது போல் காட்டி, தடுப்பவர் தாழ்ந்தபின் வேறு திசையில் செல்லுதல்.
4. தாழ்வான அடி: மட்டையை உயர ஓங்காமல், மணிக்கட்டு விசையால் விரைந்து அடித்தல். வட்டு கோலை அடைந்தால் போதுமானது. கோல்காப்பாளரின் பார்வையை மறைத்து நிற்கும் சக வீரர் அதனைத் திசைதிருப்பவோ, மீண்டு வரும் வட்டை அடிக்கவோ இயலும்.
5. தேர்வு: வழி அடைபட்டிருந்தால் அடிப்பதைத் தவிர்த்து, மறுமுனையில் உள்ள சக பின்கள வீரருக்கு வட்டைக் கடத்துதல்.

முதல் இரு படிகளைத் தடுப்பவர் இன்றிப் பழகலாம். ஏனையவற்றிற்குத் தடுப்பவர் ஒருவர் எதிரே இருத்தல் இன்றியமையாதது. வெற்றுக் கோலை நோக்கி நூறு முறை அடிப்பவர் அடிக்கக் கற்கிறாரே அன்றி, எப்பொழுது அடிக்கக்கூடாது என்பதைக் கற்பதில்லை.

இடரும் பொறுப்பும்

நீலக்கோட்டில் வட்டை இழந்தால் எதிரணி வீரர் கோல்காப்பாளரைத் தனியே எதிர்கொள்ளும் நிலை ஏற்படலாம். அதனால் பின்கள வீரர் கோட்டைவிட்டு முன்னேறும்பொழுது, முன்கள வீரர் ஒருவர் பின்வந்து அவ்விடத்தை நிரப்ப வேண்டும். அவ்வாறு எவரும் இல்லையெனில் பின்வாங்குதலே முறையாகும்.

இழந்த வட்டிற்காக மட்டும் வீரரைக் கண்டித்து உட்காரவைத்தால், அவர் அடுத்த முறை பார்க்காமலேயே வட்டைப் பலகையோரமாகத் தள்ளிவிடுவார். அது பாதுகாப்பாகத் தோன்றினும் பெரும்பாலும் எதிரணிக்கே வட்டைத் தருகிறது. எனவே பயிற்றுநர் விளைவைவிட முடிவையே மதிப்பிட வேண்டும். துணை இருந்ததா, வழி திறந்திருந்ததா, வீரர் நிமிர்ந்து பார்த்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' எனில், கோல் விழாவிட்டாலும் அது நல்ல ஆட்டமே. அவற்றுள் ஒன்றிற்கேனும் 'இல்லை' எனில், தற்செயலாகக் கோல் விழுந்திருந்தாலும் அம்முடிவு திருத்தப்பட வேண்டியதாகும்.