குடியானவர் வீட்டுப் பணக்கவலையும் கூட்டுறவுக் கடனும்

பயிர்த்தொழிலில் வரவு வருஷத்திற்கு ஒரு முறையோ இரு முறையோதான் வருகிறது; செலவோ நாள்தோறும் நடக்கிறது. நடவுக் கூலி, உரம், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் ஆகிய எவையும் அறுவடை வரையில் காத்திருப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பக் கைக்கு எட்டிய இடத்தில் கடன் வாங்குகிறோம். பெரும்பாலான குடும்பங்களின் நிம்மதி குலைவது இவ்விடத்திலேதான்.

நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்பது செவிக்குச் சிறிதாகவே தோன்றும். ஆயின், 50,000 ரூபாய்க் கடனுக்கு அது மாதம் 1,500 ரூபாய். வருஷத்திற்கு 18,000 ரூபாய். அசலோ அப்படியே நிற்கும். அதே தொகைக்கு நூற்றுக்கு வருஷம் 7 வீதமானால் வட்டி 3,500 ரூபாயே.

இத்துன்பம் புதியதன்று. சென்னை மாகாண அரசாங்கத்தார் பொருட்டு இதனை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895, 1897-ஆம் வருஷங்களில் தம் அறிக்கைகளை வெளியிட்டார். ஜெர்மனியில் ரைபைசன் என்பார் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களின் முறையை அவர் எடுத்துக்காட்டினார். ஒருவரையொருவர் அறிந்த ஓரூரார் ஒன்றுகூடிப் பொறுப்பேற்பதே அம்முறையின் சாரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் பதிவாயிற்று.

இன்று உழவர் கடன் அட்டையின் மூலம் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி வருஷத்திற்கு 7 வீதம். தவணைக்குள் செலுத்துவோர்க்கு 3 வீதம் தள்ளப்படுகிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலோ, தவணை தவறாதவர் வட்டியே செலுத்த வேண்டியதில்லை. தவறினால் இச்சலுகை இல்லை. ஆதலின் தவணைத் தேதியை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

விவசாயிகள் கைக்கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, விளைச்சல் விற்ற அன்றே கடன் தவணைக்கும், அடுத்த சாகுபடிக்கும், வீட்டுச் செலவுக்கும் பணத்தைத் தனித்தனியே பிரித்து வைத்தல். இரண்டாவது, செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெற்று, வரவு செலவை ஏட்டில் எழுதி வருதல். மூன்றாவது, மிச்சத்தை வங்கியில் இட்டு வைத்தல். வங்கி வைப்புக்கு 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்கக் கடன் சங்கங்களின் வைப்புக்கு அக்காப்பீடு இல்லை என்பதையும் அறிக.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. அடங்கல் ஒரு வாரம் தாமதித்தால் கடனும் தாமதிக்கும்; நடவோ தாமதிக்க இயலாது. அவ்வாரத்திலேதான் குடியானவர் மனைவியின் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடை வாயிலில் நிற்கிறார். உரிய காலத்தில் இடும் ஒரு கையொப்பம், அந்நகையை வீட்டிலேயே நிறுத்தும்.