ஓர் எண் சொல்லாத கதை

இறுதியாண்டு ஆய்வுக்கு வழிகாட்டி தேடும் நானும் நண்பர்களும் பேராசிரியர்களின் 'எச்-இண்டெக்ஸ்' எண்ணைத்தான் முதலில் பார்க்கிறோம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டில் முன்வைத்த அளவுகோல் அது. ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால், அவருடைய எண் 20.

நரம்பியல் அறிஞர் ஜான் ஓகீஃப், சக ஆய்வாளருடன் லண்டனில் 1971ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். எலி குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் அதன் மூளையில் சில நரம்பணுக்கள் தூண்டப்படுவதை அது காட்டியது. நோபெல் பரிசு வந்ததோ 2014இல், 43 ஆண்டுகள் கழித்து!

அக்கட்டுரையை எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும், எச்-இண்டெக்ஸ் கணக்கில் அது ஒரே ஒரு கட்டுரைதான். எனவே, பேராசிரியரின் ஒரு கட்டுரையையாவது முழுமையாகப் படித்த பிறகே அவரது அறைக்கதவைத் தட்டுகிறேன். நீங்களும் முயன்று பாருங்களேன்!