ஏழு குறைவா, ஒன்பது குறைவா?

குடீ பாட்வா, தசரா நாள்களில் புதிய கார் வாங்க எண்ணும் விக்ரோலி வாடிக்கையாளர்களுக்கு நாம் வலியுறுத்துவது ஒன்றே: வட்டி விகிதத்தோடு, அதைக் கணக்கிடும் முறையையும் கேட்டறியுங்கள்.

5 லட்சம் ரூபாய்க் கடன். தவணைக்காலம் 5 ஆண்டுகள். தொடக்க அசல் முழுவதற்கும் இறுதிவரை வட்டி கணக்கிடும் 'ஃபிளாட்' முறையில், 7 சதவீதத்துக்கு மொத்த வட்டி 1,75,000 ரூபாய். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், 9 சதவீதத்துக்கும் ஏறத்தாழ 1,22,750 ரூபாயே.

குறைந்த வட்டிச் சலுகையை ஏற்பதால் விற்பனையாளர் தரும் ரொக்கத் தள்ளுபடியை இழக்கிறோமா என்பதையும் பார்த்தல் நலம்.

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். செயலாக்கக் கட்டணம் போன்ற செலவுகளும் அடங்கிய ஆண்டு விகிதம் அதில் இடம்பெறும். கையொப்பமிடுமுன் அவ்விகிதத்தையே ஒப்பிடுவோம்.