இணையவழிப் பொது அவமானப்படுத்தல்

இணையவழிப் பொது அவமானப்படுத்தல் என்பது, ஒருவர் செய்த அல்லது செய்ததாகக் கருதப்படும் தவற்றை ஒளிப்படமாகவோ காணொளியாகவோ சமூக வலைத்தளங்களில் வெளியிட்டு, பலரும் அவரைக் கண்டிக்கவும் எள்ளி நகையாடவும் செய்தல் ஆகும். குப்பை வீசுதல், தலைக்கவசம் இன்றி வண்டி ஓட்டுதல், தொடர்வண்டி இருக்கையில் படுத்துறங்குதல் போன்ற சிறு விதிமீறல்களும் இதற்கு உள்ளாகின்றன. இத்தகைய மீறல்களுக்குச் சட்டம் பெரும்பாலும் ஒரு தண்டத்தொகையோடு நின்றுவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் தண்டனைக்கு அளவோ கால எல்லையோ இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்கும் ஏற்பாடும் அங்கு இல்லை.

பின்னணி

பொது இடத்தில் அவமானப்படுத்துவது பழமையான தண்டனை முறைகளுள் ஒன்றாகும். கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுதல் என்ற தொடர் தமிழில் இன்றும் வழங்குகிறது. இங்கிலாந்தில் குற்றவாளியின் தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டிப் பொது இடத்தில் நிறுத்தும் தண்டனை இருந்தது. அது 1837இல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது.

இத்தண்டனைகள் கொடியவை எனினும், அவற்றுக்கு இட எல்லையும் கால எல்லையும் இருந்தன. மேலும், கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகம் போன்ற ஒரு பேரூராட்சியில் ஒருவரை அவருடைய உறவு, தொழில், பல்லாண்டுப் பழக்கம் ஆகியவற்றால் ஊரார் அறிந்திருப்பர். ஒரு தவறு அவருடைய பல செயல்களுள் ஒன்றாகவே கொள்ளப்படும். இணையத்தில் காண்போருக்கோ அந்தச் சில நொடிக் காட்சியே முழு மனிதராகிவிடுகிறது. வெளியூர்களில் பரவிய படம் பின்னர் உறவினரின் கைப்பேசிக்கே வந்துசேர்வதால், சொந்த ஊரிலும் அவர் அதைக்கொண்டே மதிப்பிடப்பட நேர்கிறது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

தென் கொரியா, 2005: சியோல் நகரச் சுரங்கத் தொடர்வண்டியில் ஓர் இளம்பெண்ணின் நாய் பெட்டியை அசுத்தம் செய்தது. அதனை அப்பெண் துப்புரவு செய்ய மறுத்தார். சக பயணி ஒருவர் எடுத்த படம் இணையத்தில் பரவியது. பலர் அப்பெண்ணின் அடையாளத்தைத் தேடி வெளியிட்டனர். அவர் பல்கலைக்கழகப் படிப்பை விட்டு விலகியதாகச் செய்திகள் வெளிவந்தன. அமெரிக்கச் சட்ட அறிஞர் டேனியல் சோலோவ் 2007இல் வெளியான தமது நூலில் இந்நிகழ்வை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தில்லி, 2015: தில்லி மெட்ரோ தொடர்வண்டியில் சீருடையில் இருந்த காவலர் ஒருவர் தள்ளாடி விழும் காணொளி, அவர் குடிபோதையில் இருந்தார் என்ற குறிப்புடன் பரவியது. அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் முன்னரே மூளைப் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர் என்பது பின்னர் தெரியவந்தது. அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். தம் மீது படிந்த பழியை நீக்கக் கோரி 2016இல் உச்சநீதிமன்றத்தை நாடினார்.

கொச்சி, 2017: கொச்சி மெட்ரோ தொடங்கப்பட்ட சில நாள்களில், இருக்கையில் படுத்துறங்கிய ஒருவரின் படம் குடிகாரர் என்ற கேலியுடன் பரவியது. உண்மையில் அவர் பேச்சும் செவிப்புலனும் அற்ற மாற்றுத்திறனாளி. மருத்துவமனையில் இருந்த தம் சகோதரரைப் பார்த்துவிட்டுக் களைப்புடன் திரும்பிக்கொண்டிருந்தார். இந்நிகழ்வைத் தழுவி 'விக்ருதி' என்னும் மலையாளத் திரைப்படம் 2019இல் வெளிவந்தது.

சென்னை, 2024: விதிமீறல் ஏதும் இன்றியும் இது நிகழ்வதுண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் கூரையில் தவறி விழுந்த கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் மீட்கும் காணொளி ஏப்ரல் மாத இறுதியில் பரவியது. குழந்தையின் தாய் கவனக்குறைவானவர் என இணையத்தில் கடுமையாகத் தூற்றப்பட்டார். அவர் மனவுளைச்சலில் இருந்ததாகச் செய்திகள் கூறின. அடுத்த மாதமே அவர் உயிரிழந்தார்.

அரசு அமைப்புகளின் பங்கு

2010இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கு முன், தில்லிப் போக்குவரத்துக் காவல்துறை முகநூலில் ஒரு பக்கத்தைத் தொடங்கியது. விதிமீறல்களைப் பொதுமக்கள் படம்பிடித்து அதில் வெளியிட்டனர். இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 3,000 படங்கள் சேர்ந்தன. வாகனப் பதிவெண்களைக் கொண்டு 665 தண்டச்சீட்டுகள் வழங்கப்பட்டன. முன்பகை கொண்டோர் இதனைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சம் அப்போதே எழுப்பப்பட்டது. எனினும், தண்டச்சீட்டு பெற்றவர் அதனை எதிர்த்து முறையிட வழி இருந்தது.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது வேறொரு போக்குக் காணப்பட்டது. வெளியில் வந்தோரைக் காவலர்கள் தோப்புக்கரணம் போடச் செய்யும் காணொளிகள் பல மாநிலங்களில் பரவின. சில இடங்களில், தாம் சமூகத்தின் பகைவர் எனக் கூறும் பதாகையை ஏந்தச் செய்து படமெடுத்தனர். உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் முதுகுச் சுமையுடன் தவளைபோல் தாவிச் செல்ல வைக்கப்பட்டனர். இதற்காக மாவட்டக் காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கோரினார்.

ஆதரவும் எதிர்ப்பும்

அதிகாரிகள் கண்டுகொள்ளாத மீறல்களைப் பொதுமக்கள் வெளிக்கொணர இது உதவுகிறது என்பது ஆதரிப்போரின் கருத்தாகும். அதிகாரம் படைத்தோரின் முறைகேடுகளைப் பொறுத்தவரை இவ்வாதம் வலுவுடையது. ஆயின் எளியோரின் சிறு தவறுகளுக்கு இதே முறை கையாளப்படும்போது, பெயரைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு மிகக் குறைவு. படம் ஒரு செயலைக் காட்டுமேயன்றி, அதன் காரணத்தைக் காட்டுவதில்லை என்பதற்குத் தில்லி, கொச்சி நிகழ்வுகள் சான்றாகும். உண்மை வெளிவந்த பின் எழுதப்படும் திருத்தம், முதற்பதிவைக் கண்ட அனைவரையும் சென்றடைவதில்லை.

மீறலைப் படம்பிடித்து உரிய அலுவலரிடம் புகாராக அளிப்பதும், அதனை ஊரறியப் பரப்புவதும் வெவ்வேறானவை. முன்னதில் விசாரணை, வரையறுத்த தண்டனை, மேல்முறையீடு ஆகியன உண்டு. பின்னதில் இவற்றுள் எதுவும் இல்லை.

சட்ட நிலை

பாரதிய நியாய சன்ஹிதா 2023இன் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. இதன்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். கூறப்பட்டது உண்மை என்பது மட்டும் இக்குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருத்தல் வேண்டும்.

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. போராட்டங்களில் சேதம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டோரின் படங்களையும் முகவரிகளையும் இலக்னோ நகரில் பதாகைகளாக வைத்ததை, 2020 மார்ச்சில் அலகாபாத் உயர்நீதிமன்றம் தனியுரிமையில் தேவையற்ற தலையீடு எனக் கூறி, அவற்றை அகற்ற ஆணையிட்டது.