காலுக்கு இறங்கும் குறுக்கு வலி கத்தியின்றித் தீருமா?

நல்லதண்ணி, மஸ்கெலியா மலைகளில் குறுக்கு வலி அறியாத லயம் இல்லை. தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை சுமந்து, சரிவில் நின்று நாளொன்றுக்கு 18, 20 கிலோ கொழுந்து எடுப்போரின் வலி அது. இடம்பெயர்ந்தோருக்கு அது இரட்டிப்பாகிறது. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகளில் மலையகத்தில் பலர் வீடும் காணியும் இழந்தனர். தற்காலிக இருப்பிடத்தில் சீமெந்துத் தரையில் படுப்பதும், தூரத்திலிருந்து தண்ணீர் சுமப்பதும், மற்ற நேரமெல்லாம் முடங்கி உட்கார்ந்திருப்பதும் முதுகுக்கு ஆகாதவை.

இடுப்பில் தொடங்கி, பிட்டம், பின்தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இறங்கும் வலியை சயாட்டிக்கா என்கிறார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் ஒரு தட்டு உண்டு. பாரம் தாங்காமல் அது பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்தும்போது, கோளாறு முதுகில் இருந்தாலும் வலி காலில் தெரிகிறது. பிதுங்கிய பகுதியைப் பெரும்பாலும் உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. ஆகவே பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிகிறது.

முன்பெல்லாம் மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இன்று அந்த ஆலோசனை மாறிவிட்டது. வலி மிகக் கடுமையானால் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதன்பின் சமதரையில் சிறிது சிறிதாக நடக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு இடையில் மடித்த போர்வையை வைத்தால் இரவு தூக்கம் வரும். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். கால் வலி மேலேறி இடுப்பில் ஒடுங்கினால் அது நல்ல அறிகுறி. நாளுக்குச் சில தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து முறை செய்யலாம். வலி இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு ஏற்ற பயிற்சியை ஆஸ்பத்திரியிலுள்ள இயன்மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்காக 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் பயிற்சியையே வலியுறுத்துகிறது. இடுப்புப் பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகப் பரிந்துரைக்கவில்லை. பட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சூட்டு ஒத்தடமும் எண்ணெய் தேய்ப்பதும் இதம் தரும். அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பதைக் கட்டாயம் தடுப்பேன். டைக்ளோபெனக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பின் சில நாட்களுக்கு மட்டுமே எடுக்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேளாமல் தொடக்கூடாது. ஊசிதான் வேண்டுமென்று அடம்பிடிப்பதும் தவறு. பிட்டத்தில் இடம் தவறிப் போட்ட ஊசி இதே நரம்பையே பழுதாக்கிவிடும்.

நகையை அடகு வைத்து ஒப்பரேஷனுக்கு ஓடுவோரும் நம்மிடையே உள்ளனர். நெதர்லாந்தில் கடும் சயாட்டிக்கா உள்ள 283 பேரிடம் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. சீக்கிரம் அறுவை செய்தோருக்கு வலி விரைவாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தோரும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தனர். காத்திருந்தோரில் பத்தில் நால்வருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது என்பதும் உண்மை. எனவே அறுவையை வெறுக்க வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே அதற்காகக் கடன்படவும் வேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்பும்போது கூடை நிரம்பும்வரை காத்திராமல் இரண்டு மூன்று தடவையாகக் கொழுந்தை இறக்குங்கள். மரக்கறி மூட்டையை இருவராகத் தூக்குங்கள். சில வாரங்களுக்கு இலேசான வேலை தரும்படி டொக்டரின் துண்டுடன் கங்காணியிடம் கேட்பதில் வெட்கமில்லை.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமை, மலசலம் அறியாமல் போதல், தொடையிடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப்போதல், இரு கால்களும் பலமிழத்தல், பாதம் தொங்குதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றிரவே மஸ்கெலியா வைத்தியசாலைக்கோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள். தாமதித்தால் பழுது நிரந்தரமாகலாம். காய்ச்சல், உடல் மெலிதல், விழுந்து அடிபட்டது ஆகியவற்றோடு வரும் முதுகு வலியையும் உடனே காட்டுங்கள். முதுகெலும்பில் காசநோயோ முறிவோ இருக்கக்கூடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணமில்லை.